நைனாவிடம் மிஞ்சியது ஒரே சொல்: "அதான்". கையும் ராகமும் பேச்சுக்கு முந்தியவையா?

பொய்கை மகள் கேட்டது:

வணக்கம். வேலூர்ப் பக்கம் பொய்கை என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம் என்னுடையது. வேலூர் காந்தி ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மொழியியல் படித்தவள் இல்லை. ஆனால் ஏழு மாதமாக ஒரு கேள்வி என்னை விடாமல் சுற்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் நைனா, அதாவது அப்பா, முப்பத்தைந்து வருஷம் மாட்டுத் தரகர். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு இருட்டோடு கிளம்பிவிடுவார். சின்ன வயதில் பள்ளி லீவு விட்டால் நானும் கூடப் போவேன். அங்கே விலையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். விற்கிறவர் கையும் நைனா கையும் சேரும், மேலே ஒரு துண்டு விழும். அப்புறம் பேரம் முழுக்கத் துண்டுக்கு அடியில்தான். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து. அது ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தவனுக்குத் தெரியும். வாய் பாட்டுக்கு மழையையும் வைக்கோல் விலையையும் பேசிக்கொண்டிருக்கும். துண்டின் மடிப்பு மட்டும் எலி ஓடுவதுபோல அசையும். விலை படிந்ததும் எதிராளி கையை ஒரு அழுத்து அழுத்தி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு "அதான்!" என்பார். உச்சியில் தொடங்கி ஒரே இறக்கமாக இறங்கும் அந்த "அதான்" சந்தையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்.

போன ஆடியில் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்தன. பேச்சும் போயிற்று. மூன்றாவது வாரம் ஒரு சொல் திரும்பியது. அந்த "அதான்"தான். இன்று வரை அது ஒன்றுதான்.

ஆனால் அவரோடு எங்களால் பேச முடிகிறது. எழுத்தில் காட்ட முயல்கிறேன். குட்டையாக, அடங்கிய குரலில் "அதான்" என்றால் ஆமாம். கடைசியில் தூக்கி "அதா...ன்?" என்றால் கேள்வி: யார் வந்தது, மணி என்ன, நீ சாப்பிட்டாயா, எல்லாமே அதில் அடங்கும். மூன்று தடவை வேகமாக "அதான் அதான் அதான்" என்றால் நாங்கள் சரியாகப் பிடித்துவிட்டோம் என்று சந்தோஷம். ஒரே மட்டத்தில் மூக்கால் இழுத்து, இடது உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டினால் "நான் சொன்னது அது இல்லை".

நேற்றுக் காலையில் அம்மா அடுப்படியில் இருந்தபடியே "இன்னாங்க, தண்ணியா?" என்று கேட்டாள். மூக்கால் இழுத்த "அதான்". "காபியா?" மறுபடி அதே இழுப்பு. நான் வெளியே வந்து பார்த்தேன். முகவாயைக் கொட்டகைப் பக்கம் நீட்டினார். இடது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, தன் கழுத்தருகே வைத்து ஒரு இறுக்கு இறுக்கினார். ஓடினேன். கன்றுக்குட்டி கயிற்றைச் சுற்றிச் சுற்றி, கழுத்து இறுகி நின்றுகொண்டிருந்தது.

கடையிலும் இதேதான். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிற வங்காளத்துக்காரர்கள், அஸ்ஸாம்காரர்களில் பல பேருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் கடைப் பையனுக்கு நாலு வங்காளிச் சொல் தெரியும், அவ்வளவுதான். வாயருகே ஐந்து விரலையும் குவித்துக் காட்டி, அந்தக் கையைத் தன் தோளுக்குப் பின்னால் எறிவதுபோல வீசினால் "சாப்பிட்ட பிறகு" என்று அந்த அம்மாக்களுக்குப் புரிந்துவிடுகிறது. மாத்திரையைத் தவற விடக் கூடாது என்பதை அவன் குரலாலேயே சொல்லிவிடுவான்.

மனிதன் முதன்முதலில் பேசியது இப்படித்தானா? கை முதலா, ராகம் முதலா, சொல் முதலா? நைனாவிடம் எல்லாம் போன பிறகு இந்த இரண்டும் மட்டும் நின்றதற்கு அவை பழையவை என்பதுதான் காரணமா?

---

ராணிப்பேட்டை பேச்சுப் பயிற்சியாளர்:

வணக்கம் அம்மா. பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களோடு பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். உங்கள் நைனாவைப் போன்ற ஒருவரிடமிருந்துதான் இந்தத் துறையே தொடங்கியது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

பாரிஸுக்குப் பக்கத்தில் பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்று ஒருவர் 21 வருஷம் இருந்தார். என்ன கேட்டாலும் "தான் தான்" என்பார். அதனால் அங்கே அவருக்குப் பெயரே "தான்". பிறகு வலது கை கால்களும் விழுந்தன. 1861-இல் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் அவரைச் சோதித்தார். அந்த ஒரே அசையோடு விதவிதமாகக் கையை அசைத்து, சொல்ல நினைத்ததில் பெரும்பகுதியை அவர் புரியவைத்துவிட்டார் என்று புரோக்கா பதிவு செய்திருக்கிறார். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டபோது, கையை நாலு தடவை விரித்துக் காட்டி, கடைசியில் ஒரு விரலைச் சேர்த்தாராம். இருபத்தொன்று. சரியான விடை. சில நாளில் அவர் இறந்தார். மூளையைத் திறந்தபோது இடது பக்கம் நெற்றிப் பகுதியில் சிதைவு இருந்தது. இன்று புரோக்கா பகுதி என்று சொல்வது அதைத்தான்.

குரலில் ஏறும் உணர்ச்சியில், கோபம், கனிவு, ஆச்சரியம் இவற்றில், மூளையின் வலது பாதிக்குப் பெரிய பங்கு உண்டு. வலது பாதி அடிபட்டவர்கள் சொல் குறையாமல் பேசுவார்கள், ஆனால் குரல் சப்பென்று இருக்கும். மகள் கல்யாணத்தையும் மின் கட்டணத்தையும் ஒரே குரலில் சொல்வார்கள். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் எலியட் ராஸ் 1981-இல் இதை விரிவாக எழுதினார். உடம்பின் வலது பக்கத்தை இயக்குவது மூளையின் இடது பாதி. உங்கள் நைனாவுக்கு அடிபட்டது இடது பாதியாக இருக்க வேண்டும், வலது கை விழுந்ததே அதற்கு அடையாளம். ராகம் தங்கியதற்கு நேரடிக் காரணம் அதுதான்.

ஆனால் "தங்கியது, ஆகவே பழையது" என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஆற்றில் வெள்ளம் வந்து ஒரு கரை வீடுகள் போய்விட்டால், மறுகரை வீடுகள் முன்னாலே கட்டியவை என்று ஆகாது. வெள்ளம் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

ஒரு யோசனை. 1973-இலிருந்து பாஸ்டன் மருத்துவர்கள் வழியாக ஒரு பயிற்சி பரவியது. தேவையான சிறு தொடரை மேல், கீழ் என்று இரண்டே சுரத்தில் பாடவைத்து, ஒவ்வொரு அசைக்கும் நோயாளியின் இடது கையை மெல்லத் தட்டுவது. கேட்டது புரிகிறது, சொல்லத்தான் வரவில்லை என்கிறவர்களில் சிலருக்குப் பலன் தருகிறது. "தண்ணி குடு" என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். உங்களைப் பார்க்கும் பயிற்சியாளரிடம் கேளுங்கள். அப்புறம், அவர் தேடும்போது நீங்கள் முந்திக்கொண்டு சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். பத்து எண்ணும் வரை காத்திருங்கள். இது மிக முக்கியம்.

---

குடியாத்தம் தமிழாசிரியர் (ஓய்வு):

மகளே, உன் நாலு "அதான்" பற்றிப் படித்ததும் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. "எழுத்தோ ரன்ன பொருள்தெரி புணர்ச்சி, இசையில் திரிதல் நிலைஇய பண்பே." எழுத்து ஒன்றாகவே இருக்கும், பொருளைப் பிரித்துக் காட்டுவது ஓசை. உரைகாரர்கள் "செம்பொன்பதின்தொடி" என்பார்கள். செம்பொன்னால் ஆன பத்துத் தொடியா, செம்பால் ஆன ஒன்பது தொடியா? எழுதிக் காட்டினால் தெரியாது, சொல்லிக் காட்டினால் தெரியும். நாற்பது வருஷம் வகுப்பில் இந்த ஒன்றைச் சொல்லும்போதுதான் கடைசி பெஞ்சுப் பையன்கூட நிமிர்ந்து உட்காருவான்.

நன்னூலில் எடுத்தல் (ஏற்றுவது), படுத்தல் (இறக்குவது), நலிதல் (இரண்டுக்கும் நடு) என்று ஓசையைப் பிரித்திருக்கிறார்கள். உன் நைனா எடுத்தால் கேள்வி, படுத்தால் ஆமாம். நாம் அன்றாடம் சொல்கிற "ம்" ஒன்று போதாதா? "ம்", "ம்?", "ம்ஹும்", "ம்ம்ம்..." பாட்டி கதை சொல்லும்போது "ம்" கொட்டவில்லை என்றால் கதை நின்றுவிடும். அதில் எந்த எழுத்து வேலை செய்கிறது?

நீ கேட்ட கேள்வி பெரிய சண்டைக்குரியது. 1866-இல் பாரிஸ் மொழியியல் சங்கம் மொழியின் தோற்றம் பற்றி எந்தக் கட்டுரையும் ஏற்க மாட்டோம் என்று விதியே எழுதி வைத்தது. ஆளுக்கு ஒன்றாகக் கற்பனை செய்துகொண்டிருந்தார்கள், அதனால். ஆனால் கேள்வி அடங்கவில்லை. 1871-இல் டார்வின், நம் மூதாதையர் சொல்லுக்கு முன்னால் ராகம் போட்டார்கள் என்றார். கிப்பன் குரங்குகள் பாடுவதை எடுத்துக்காட்டினார். இணையைக் கவர, பகையை மிரட்டப் பாட்டு, அதிலிருந்து பேச்சு.

கை முதல் என்ற கட்சியை 1973-இல் கார்டன் ஹியூஸ் என்ற மானிடவியலாளர் புதுப்பித்தார். அவர்களுடைய நல்ல சான்று சிம்பன்சிகள். 1940-களின் கடைசியில் விக்கி என்ற குட்டியை ஒரு அமெரிக்கத் தம்பதி வீட்டில் பிள்ளைபோல வளர்த்துப் பேசப் பழக்கினார்கள். வருஷக் கணக்கில் பாடுபட்டும் நாலு சொல்தான் வந்தது, அதுவும் மூச்சுக்காற்றாக. 1966-இல் வாஷோ என்ற குட்டிக்கு வேறொரு தம்பதி கைச்சைகை கற்றுத்தர, அது நூற்றுக்கும் மேல் கற்றது. அது மொழிதானா என்று சண்டை உண்டு. இருந்தாலும் ஒன்று தெரிகிறது: குரல் அதன் இஷ்டத்துக்கு வராது, கை வரும். இத்தாலியில் பார்மா நகர ஆய்வாளர்கள் 1990-களில் குரங்கு மூளையில் ஒரு பகுதியைக் கண்டார்கள். குரங்கு தானே ஒரு பொருளை எடுத்தாலும், இன்னொருவர் எடுப்பதைப் பார்த்தாலும் அங்கே ஒரே நரம்பணு துடிக்கிறது. கையைப் பற்றிய அந்தப் பகுதி, நம்மிடம் புரோக்கா பகுதி இருக்கும் இடத்துக்கு ஈடானது என்கிறார்கள். பயிற்சியாளர் அம்மா சொன்ன அதே இடம்!

என் அபிப்பிராயம் இது: கைதான் முதல் மொழி. பேச்சு பின்னால் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

---

ஆம்பூர் பிள்ளை:

அக்கா, உங்கள் பதிவை என் அம்மாவுக்குக் கையால் சொன்னேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அப்பா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தவர். கன்றுக்குட்டி இடம் வந்ததும் அம்மா கண் கலங்கிவிட்டாள்.

ஐயா, உங்கள் கடைசி வரி என் மனசைக் கொஞ்சம் குத்தியது. கை முதலில், பேச்சு பின்னால் என்றால், கையால் பேசுகிற என் அம்மா பழைய படியிலேயே நின்றுவிட்டவள் என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி நினைத்தவர்கள் உண்டு. "ஊமைச் சாடை" என்று அவர்கள் சொன்னதைக் கேட்டே வளர்ந்தேன்.

அம்மா பேசுவது சாடை இல்லை ஐயா, முழு மொழி. தமிழுக்கு இல்லாத இலக்கணம் அதற்கு உண்டு. "உன் பெயர் என்ன" என்பதில் "என்ன" எப்போதும் கடைசியில்தான் வரும். யார், எங்கே, எப்போது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சைகையை வேறு வேறு சொல்லோடு சேர்ப்பார்கள். சைகை மொழிக்கு ஒலி மொழிபோலவே உள்கட்டு உண்டு என்று அமெரிக்காவில் வில்லியம் ஸ்டோக்கி 1960-இல் எழுதிக் காட்டினார். நிகராகுவாவில் 1977-க்குப் பிறகு காது கேளாத பிள்ளைகளைப் பள்ளிகளில் ஒன்றுசேர்த்தபோது, ஆசிரியர்கள் உதட்டைப் பார்த்து ஸ்பானிஷ் கற்கச் சொன்னார்கள். பிள்ளைகள் விளையாட்டு இடத்திலும் பஸ்ஸிலும் தாங்களே ஒரு மொழியை உண்டாக்கினார்கள். பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள் கையில் அதன் இலக்கணம் இன்னும் இறுகியது. ஒரு மொழி பிறப்பதை ஆய்வாளர்கள் நேரில் பார்த்த அரிய இடம் அது.

அக்கா, உங்களுக்குப் பயன்படும் ஒன்று. சைகை மொழிக்காரருக்கு இடது மூளையில் பக்கவாதம் வந்தால் சைகை மொழியும் போகிறது. கலிபோர்னியாவில் சால்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் 1987-இல் காட்டியது இது. ஆனால் அப்படி மொழி போன ஒருவருக்கும் நடித்துக் காட்டுவது, அதாவது பல் தேய்ப்பதுபோலக் காட்டுவது, தங்கியிருந்ததைப் பிறகு கண்டார்கள். இரண்டுமே கைதான். ஒன்று மொழி, மற்றது மொழி இல்லை. ஆகவே மூளை வாய், கை என்று பிரிப்பதில்லை. நைனா கழுத்தருகே இறுக்கிக் காட்டியது நடிப்பு. துண்டுக்கு அடியில் விரல் பிடிப்பது ஊர் கூடி ஒப்புக்கொண்ட குறி, அது சொல் மாதிரி. இரண்டாவது அவருக்கு இன்னும் வருகிறதா என்று பார்த்தீர்களா?

ராகத்தைப் பற்றியும் கேட்டீர்கள். என் அம்மாவின் ராகம் புருவத்தில் இருக்கிறது. "சாப்பிட்டாய்" என்று கையால் சொல்லும்போதே புருவம் ஏறி, தலை கொஞ்சம் முன்னால் வந்தால் "சாப்பிட்டாயா?" கை ஒன்றுதான். நைனா "அதா...ன்?" என்று தூக்குகிறாரே, அதேதான்.

---

குடியாத்தம் தமிழாசிரியர் (ஓய்வு):

தம்பி, நீ சொன்னது சரி. சாடையையும் சைகை மொழியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது என் பிழை, அந்தக் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லாத பிள்ளைகள், யார் கை ஆட்டியும் கண்டிராதவர்கள், பேசும்போது கை ஆட்டுகிறார்கள். எதிரில் இருப்பவருக்கும் பார்வை இல்லை என்று தெரிந்தும் ஆட்டுகிறார்கள். 1998-இல் வந்த ஆய்வு. அப்புறம் 2009-இல், பிறந்து சில நாளே ஆன 60 சிசுக்களின் அழுகையைப் பதிவு செய்தார்கள். பிரெஞ்சுத் தாய்களின் பிள்ளைகள் ஏறுமுகமாக அழுதன, ஜெர்மன் பிள்ளைகள் இறங்குமுகமாக. வயிற்றுக்குள் கேட்ட தாய்மொழியின் ராகம் அது. எது முதல் என்று நான் கேட்டுக்கொண்டிருந்ததே தவறான கேள்வியோ என்று இப்போது தோன்றுகிறது. கையும் ராகமும் சொல்லும் ஒரே கயிற்றின் புரிகளாக இருக்கலாம்.

---

செய்யாறு கூத்துக்காரன்:

நான் படிச்சவன் இல்லை. அப்பா, தாத்தா காலத்திலிருந்து தெருக்கூத்து. மைக் வருவதற்கு முன்னால், திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்கு வந்த சனம் எவ்வளவு தூரம் உட்கார்ந்திருக்கும்? கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேராது. முகவீணை என்ற ஊதுகுழலோடு ஏறும் குரலும் கிறுகிறுவென்று சுற்றும் உடம்பும் போய்ச் சேரும். வாத்தியார் எனக்கு முதலில் அடவு, அதாவது ஆட்ட அடி, கொடுத்தார், பிறகு ராகம் கொடுத்தார், பாட்டின் சொல்லைக் கடைசியில்தான் கொடுத்தார். சொல்லை முதலில் கொடுத்தால் பையன் ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவான் என்பார்.

உங்கள் நைனாவுக்குக் கூத்து பிடிக்கும் என்றால் ராத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து பாடிக் காட்டுங்கள் அம்மா. பாட்டில் சொல் ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் பெரியப்பாவுக்கு அப்படி இரண்டு வரி வந்தது.

---

பொய்கை மகள்:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாளாகப் பதில் எழுத முடியவில்லை. நீங்கள் சொன்னதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து எண்ணிக் காத்திருப்பது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. ஆறில் வாய் திறந்துவிடுகிறேன். ஆனால் காத்திருந்தால் அவர் கை இன்னும் நிறையச் சொல்கிறது. பயிற்சியாளரிடம் பாட்டு முறையைக் கேட்டேன், வருகிற வாரம் தொடங்கலாம் என்றார்கள்.

"கொட்டகையில் எத்தனை உருப்படி?" என்று கேட்டேன். இடது கையில் மூன்று விரல் காட்டினார். மாடு இரண்டு, கன்று ஒன்று. சரி.

அப்புறம் ஆம்பூர் தம்பி கேட்டதைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திண்ணையில் எதிரே உட்கார்ந்து, அவருடைய பழைய பச்சைத் துண்டை இரண்டு கைக்கும் மேலே போட்டேன். ஏழு மாதத்தில் நான் பார்க்காத முகம் அது. முதுகு நிமிர்ந்தது, பார்வை என்னை விட்டுத் தெருப் பக்கம் போயிற்று. சந்தையில் அப்படித்தான், கை பேசும்போது கண் வேறு எங்கோ இருக்கும். "சிவப்புக் கறவை, ரெண்டாம் ஈத்து, இன்னா விலை?" என்றேன். என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். மூன்றைப் பிடித்தார், விட்டார். நாலைப் பிடித்தார், விட்டார். எந்தக் குறி எந்த எண் என்று தேடுகிறார் என்பது என் கைக்குத் தெரிந்தது. வாய் சொல்லைத் தேடும்போது முகம் எப்படிப் போகுமோ, அப்படியே விரல்கள் போயின. கடைசியில் இரண்டு விரலை அழுத்திப் பிடித்து, துண்டை உதறி, உச்சியிலிருந்து இறக்கினார்: "அதான்!"

பழைய சந்தைக் குரல், துளியும் மாறவில்லை. உள்ளேயிருந்து அம்மா ஓடி வந்தாள். எத்தனைக்கு முடித்தார் என்று கேட்டாள். இரண்டு, அதாவது இருபதாயிரம் என்றேன். "அந்த மாட்டையா? அம்பதுக்குக் கம்மியா குடுக்க மாட்டாரே" என்றாள்.

நைனா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூக்கால் நீளமாக இழுத்து "அதா...ன்" என்றபடி இடது உள்ளங்கையை மேலே திருப்பினார். பிறகு துண்டை அவரே எடுத்துப் போட்டு, என் கையை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார்.